இருபத்தாறாவது பாட்டு

எங்கள் தெருமுனை சலூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். முடிவெட்டிக்கொள்ளக் காத்திருந்தவர்கள் மூன்று பேர். வெட்டி முடித்து, காசும் கொடுத்துவிட்டு, எழுந்து போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் நான்கு பேர். சுவர் டிவியில் ‘அன்பே சிவம்’. மழையில் விமானம் ரத்தாகி நிற்கும் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே ஊர் திரும்ப வழி தேடுகிறார்கள். பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த பெரியவர், அடுத்து வரப்போகும் வசனத்தை உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்கார அண்ணன் கத்தரியை நிறுத்தாமல் சொன்னார்: “இந்தப் படம் வந்தப்ப நைட் ஷோவுக்குப் போனேன் சார். தியேட்டர்ல இருபது பேர் இருந்திருப்போம். இப்ப போட்டா ஒருத்தரும் எந்திரிக்க மாட்டேங்கிறாங்க.”

அவர் சொன்னது சரி. 2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ தியேட்டரில் ஓடவில்லை. அதே பொங்கலுக்கு வந்த ‘தூள்’ ஓடு ஓடென்று ஓடியது. பின்னால் டிவியில் திரும்பத் திரும்பப் போடப் போட, ‘அன்பே சிவம்’ தமிழர்கள் தங்கள் நெஞ்சுக்கு நெருக்கமாகச் சொல்லும் படங்களில் ஒன்றானது. இத்தனைக்கும் படத்தில் ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை. அதே நடிப்பு, அதே இசை, அதே வசனம். தரம்தான் புகழைத் தீர்மானிக்கிறது என்றால் அன்றும் ஓடியிருக்க வேண்டும். ரசனை கெட்டுப்போன மக்கள்தான் காரணம் என்றால் இன்றும் ஓடக்கூடாது. இரண்டு கணக்கும் இடிக்கிறது.

இந்த இடிப்பை ஒரு பரிசோதனையாகவே செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற மூவர் ஓர் இணையதளம் அமைத்தார்கள். யாரும் கேள்விப்படாத இசைக்குழுக்களின் 48 பாடல்கள் அதில் இருந்தன. வருகிறவர் விரும்பியதைக் கேட்கலாம், மதிப்பெண் போடலாம், பிடித்திருந்தால் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள்.

இங்கேதான் நுட்பம். வந்தவர்களைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் பாட்டின் பெயரையும் குழுவின் பெயரையும் மட்டும் காட்டினார்கள். அடுத்தவர் எதை எடுத்தார் என்று இவர்களுக்குத் தெரியாது. ஆகவே இவர்கள் எடுத்த எண்ணிக்கையைப் பாட்டின் சொந்தத் தரம் என்று வைத்துக்கொண்டார்கள். மற்றவர்களை எட்டு தனித்தனி உலகங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வோர் உலகத்திலும், அந்த உலகத்தவர் ஒவ்வொரு பாட்டையும் எத்தனை முறை எடுத்திருக்கிறார்கள் என்ற எண் மட்டும் கூடுதலாகத் தெரியும். எட்டு உலகங்களுக்கும் பாட்டுகள் அவையேதான், தொடக்கமும் ஒன்றேதான், எல்லாம் பூஜ்யம். வரலாற்றை எட்டு முறை முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்பது போன்ற ஏற்பாடு இது. எந்தத் தயாரிப்பாளருக்கும் கிடைக்காத வாய்ப்பு.

2006-ல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வெளியானது. அடுத்தவர் எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் பெரிய ஹிட்டுகள் இன்னும் பெரிதாகின. தோல்விகள் இன்னும் ஆழத்துக்குப் போயின. அது எதிர்பார்த்ததுதான். வியப்பு வேறு இடத்தில் இருந்தது. ஒரு உலகத்தில் ஹிட்டான பாட்டு அடுத்த உலகத்திலும் ஹிட்டாக வேண்டும் என்று கட்டாயமே இல்லை. 52மெட்ரோ என்ற குழுவின் ‘லாக்டவுன்’ என்ற பாட்டு, எண்ணிக்கை தெரியாதவர்களின் தரவரிசையில் 26-ஆவது, நட்ட நடுவாந்தரம். அது ஒரு உலகத்தில் முதலிடம் பிடித்தது. இன்னோர் உலகத்தில் நாற்பதாவது இடத்தில் கிடந்தது.

அதற்காக எல்லாமே குருட்டு அதிர்ஷ்டம் என்று முடிவு கட்டிவிட முடியாது. மிகச் சிறந்த பாடல்கள் அடிமட்டத்துக்குப் போனது அரிது. மிக மோசமானவை உச்சிக்கு வந்ததும் அரிது. தரம் ஒரு வாசல்படி போல வேலை செய்கிறது. படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட பிறகு, யார் முன்வரிசையில் உட்காருவார் என்பதைத் தொடக்கத்தில் வந்த நாலைந்து பேரின் கைகள் எந்தப் பக்கம் நீண்டன என்ற சின்னஞ்சிறு தற்செயல் தீர்மானித்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு வெளியே மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே, அந்த முதல் நூறு பேரின் சொல்லுக்கு அத்தனை எடை ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

சால்கனிக்கும் வாட்ஸும் பிறகு இன்னொன்றும் செய்தார்கள். பாதியில் பட்டியலைத் தலைகீழாக்கி, கடைசிப் பாட்டை முதலிடம் என்றும் முதல் பாட்டைக் கடைசி என்றும் பொய்யாகக் காட்டினார்கள். பொய்யை நம்பி ஜனங்கள் கடைசிப் பாட்டை எடுத்தார்கள். பெரும்பாலான பாட்டுகளுக்கு அந்தப் பொய்யே மெய்யாகிப் போனது. ஆனால் மிக நல்ல பாட்டுகளில் சில, நாள் போகப் போக, விழுந்த இடத்திலிருந்து எழுந்து வந்தன. இதைவிட முக்கியம், தலைகீழ் உலகத்தில் மொத்தப் பதிவிறக்கமே குறைந்துவிட்டது. முதலிடத்தில் இருப்பதைக் கேட்டு ஏமாந்தவர்கள் அடுத்ததைத் தேடாமல் கிளம்பிவிட்டார்கள். கட்-அவுட்டும் காசு கொடுத்த பாராட்டும் ஒரு படத்தைச் சில நாள் தூக்கி நிறுத்தும். ஆனால் அந்த ஏமாற்றத்துக்கான விலையில் ஒரு பங்கை, அந்தப் படத்தோடு சம்பந்தமே இல்லாத அடுத்த நல்ல படமும் கொடுக்கிறது.

நாம் ஏன் அடுத்தவர் கையைப் பார்க்கிறோம்? அதில் மடமை ஒன்றும் இல்லை. தெரியாத ஊரில் கூட்டம் இருக்கும் ஓட்டலில்தானே நுழைகிறோம். இரண்டரை மணி நேரமும் டிக்கெட் காசும் போனால் திரும்ப வராது. முன்பே பார்த்தவருக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்பது நியாயமான ஊகம். இன்னொரு காரணமும் உண்டு. திங்கட்கிழமை காலை ஆபீஸில், டீக்கடையில், கல்லூரி வராந்தாவில் பேச்சு அந்தப் படத்தைப் பற்றித்தான் இருக்கும். அந்தப் பேச்சில் கலந்துகொள்ளத்தான் பாதிப் பேர் டிக்கெட் எடுக்கிறோம். படம் பார்ப்பது தனி இருட்டில் நடந்தாலும், அதை அனுபவிப்பது வெளிச்சத்தில், நாலு பேரோடு.

இதனுடன் தொழில்நுட்பம் சேரும்போது ஏற்றத்தாழ்வு மலையளவு ஆகிறது. ஷெர்வின் ரோசன் என்ற பொருளாதார அறிஞர் 1981-ல் இதை விளக்கினார். ஒரு நாடகக் கம்பெனி ஒரே இரவில் மதுரையிலும் தஞ்சையிலும் நாடகம் போட முடியாது. அதனால் அந்தந்த ஊர் ராஜபார்ட்டுக்கு அந்தந்த ஊரில் மரியாதை இருந்தது. 1931-ல் ‘காளிதாஸ்’ வந்தது. பேசும்படம் தமிழுக்கு வந்துவிட்டது. நூறு ஊர் ராஜபார்ட்டுகளையும் தாண்டி, அவர்களைவிடக் கொஞ்சமே கொஞ்சம் நன்றாகப் பாடிய ஒருவரின் குரல் எல்லா ஊர்க் கொட்டகையிலும் ஒலித்தது. திறமையில் வித்தியாசம் கைப்பிடி அளவு. புகழில் வித்தியாசம் கடலளவு.

அப்படி எழுந்த குரல்தான் எம்.கே.தியாகராஜ பாகவதர். 1934-ல் ‘பவளக்கொடி’யில் அறிமுகமானவர் பத்தே ஆண்டுகளில் தமிழ்நாட்டின் முதல் உச்ச நட்சத்திரம். 1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வெளியானது. சென்னை பிராட்வே தியேட்டரில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதே 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொல்லப்பட, அந்த வழக்கில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதாகித் தண்டிக்கப்பட்டார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கில், 1947-ல் இருவரும் விடுதலை ஆனார்கள்.

விடுதலைக்குப் பிறகு பாகவதர் நடித்த ‘ராஜமுக்தி’, ‘அமரகவி’, ‘சியாமளா’, ‘புதுவாழ்வு’ எதுவும் ஓடவில்லை. ‘ராஜமுக்தி’க்கு வசனம் எழுதியவர் புதுமைப்பித்தன் என்பதும் அதைக் காப்பாற்றவில்லை. 1959-ல் பாகவதர் காலமானார். “ஜெயிலுக்குப் போனதால் புகழ் போயிற்று” என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். என் பாட்டியும் அப்படித்தான் சொல்வார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

எனக்கு அது பொருந்தவில்லை. இரண்டு காரணங்கள். அவர் சிறைக்குள் இருந்தபோதே ‘ஹரிதாஸ்’ பிராட்வேயில் ஓடிக்கொண்டிருந்தது. கொலை வழக்குக் கைதி என்று தெரிந்தேதான் ஜனங்கள் டிக்கெட் எடுத்தார்கள். இரண்டாவது காரணம் என்.எஸ்.கே. அதே வழக்கு, அதே தண்டனை, அதே விடுதலை. வெளியே வந்தவர் ‘நல்லதம்பி’, ‘மணமகள்’, ‘பணம்’ என்று மேலும் உயர்ந்தார். விஞ்ஞானிகள் இயற்கையே நடத்திக் காட்டும் பரிசோதனை என்பார்களே, அப்படி ஒன்று தமிழ் சினிமாவில் நடந்திருக்கிறது. சிறை இருவருக்கும் பொது. ஆகவே வேறு எதுவோ மாறியிருக்க வேண்டும்.

மாறியது கேட்பவர்களின் காது. பாகவதரின் முதல் படத்தில் பாடல்கள் ஐம்பதை ஒட்டி இருந்தன. வசனம் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வைத்த பாலம். அவர் உள்ளே இருந்த ஆண்டுகளிலும் அதை அடுத்தும் சமூகக் கதையும் அடுக்குமொழி வசனமும் திரையைப் பிடித்துக்கொண்டன. 1949-ல் அண்ணாவின் ‘வேலைக்காரி’, 1950-ல் கருணாநிதியின் வசனத்தில் ‘மந்திரி குமாரி’, 1952-ல் ‘பராசக்தி’. கடவுளிடம் உருகும் பாடகரைக் கேட்க வந்த கூட்டம், நீதிமன்றக் கூண்டில் நின்று கேள்வி கேட்கும் இளைஞனைக் கேட்க வந்தது. பின்னணிப் பாடல் முறையும் பரவிவிட்டது. பாடத் தெரிந்தவர்தான் கதாநாயகன் என்ற நிபந்தனையே மறைந்தது. முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. பாகவதரைப் போலப் பாடிப் பழகிய டி.எம்.சௌந்தரராஜனின் குரல், 1954-ல் ‘தூக்குத் தூக்கி’யில் சிவாஜிக்கும் ‘மலைக்கள்ள’னில் எம்.ஜி.ஆருக்கும் பொருந்தி உட்கார்ந்தது. என்.எஸ்.கே.யின் சரக்கோ பேச்சு, கிண்டல், சீர்திருத்தம். ‘நல்லதம்பி’க்குக் கதை வசனம் எழுதியவர் அண்ணா. காற்று அவருக்குப் பின்னாலிருந்து அடித்தது. பாகவதருக்கு எதிரே அடித்தது. குரல் தேய்ந்து தோற்றவர் அல்ல பாகவதர். அந்தக் குரல் உட்கார்ந்திருந்த நாற்காலியையே அரங்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சரி, ‘அன்பே சிவம்’ எப்படி எழுந்தது? அதற்கு வேறொரு விதி இருக்கிறது. 1968-ல் உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ், ஆட்களுக்கு அர்த்தம் தெரியாத சீன எழுத்து போன்ற உருவங்களைக் காட்டினார். சிலவற்றை ஒரு முறை, சிலவற்றை இருபத்தைந்து முறை வரை. பிறகு எது நல்ல பொருளைத் தரும் என்று ஊகிக்கச் சொன்னார். அதிகம் கண்ணில் பட்டவையே நல்லவையாகத் தோன்றின. அறிமுகமில்லாத முகங்களின் புகைப்படத்திலும் அதே கதை. பழகினாலே பிடித்துப் போகிறது. புதியதைக் கண்டு உஷாராகும் மூளை, பழையதைக் கண்டால் தளர்ந்து உட்கார்ந்துவிடுகிறது.

உலக சினிமாவில் இதற்கு நல்ல சாட்சி 1946-ல் வந்த ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’. ஃபிராங்க் காப்ரா இயக்கிய அந்தப் படம் போட்ட காசை எடுக்கவில்லை. 1974-ல் அதன் காப்புரிமையை உரிய நேரத்தில் புதுப்பிக்க விட்டுவிட்டார்கள். உரிமைத் தொகை கட்ட வேண்டியதில்லை என்றதும் அமெரிக்கா முழுக்க டிவி நிலையங்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதைப் போட்டன, அதுவும் திரும்பத் திரும்ப. இன்று அமெரிக்கக் குடும்பங்களுக்கு அது இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை. ஓர் அலுவலகத் தவறு ஒரு படத்துக்கு மறுபிறவி கொடுத்தது. அந்தப் படம் நல்ல படமாகவும் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. வாசல்படியைத் தாண்டிய எத்தனையோ படங்கள், அப்படி ஒரு தவறு நடக்காததால் மட்டுமே மறக்கப்பட்டுக் கிடக்கின்றன.

தினமும் வீட்டுக்குள் வரும் சீரியலில் இந்தப் பழக்கம் உறவாகவே மாறிவிடுகிறது. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956-லேயே இதைக் கவனித்து எழுதினார்கள். திரையில் நம்மைப் பார்த்துப் பேசும் முகத்தை மூளை அசல் நட்பாகவே கணக்கில் வைக்கிறது. அந்தப் பக்கத்தவருக்கு நம்மைத் தெரியாது என்பது அறிவுக்குத் தெரியும், மனசுக்குத் தெரியாது. ‘சித்தி’ ஓடிய நாட்களில் இரவுச் சாப்பாட்டு நேரத்தையே பல வீடுகள் மாற்றி அமைத்துக்கொண்டன. எங்கள் வீட்டில் தோசைக்கல் விளம்பர இடைவேளையில்தான் அடுப்பில் ஏறும். 1987-ல் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ தொடங்கியபோது ஞாயிறு காலைகளில் தெருக்கள் வெறிச்சோடின. ராமனாக நடித்த அருண் கோவிலைப் போகும் இடமெல்லாம் கும்பிட்டார்கள். கும்பிட்ட கையே அவருக்கு விலங்காகவும் ஆயிற்று. ராமனை வேறு வேஷத்தில் பார்க்க யாரும் விரும்பவில்லை, வேறு வாய்ப்புகள் சுருங்கிப் போயின. நண்பனாகிவிட்டவன் வேறு ஆளாக மாறுவதை மனசு பொறுப்பதில்லை.

ஆனால் பழக்கம் ஓர் அளவு வரைக்கும்தான் இனிக்கும். பாயசமும் நாலாவது கிண்ணத்தில் திகட்டும். டேனியல் பெர்லைன் என்ற உளவியலாளர் 1970-ல் இந்தத் திகட்டலை ஆராய்ந்தார். எளிமையான உருவங்கள் திரும்பத் திரும்ப வந்தால் சீக்கிரம் சலித்துவிடுகின்றன. உள்ளே மடிப்புகள் கொண்டவை தாக்குப்பிடிக்கின்றன, சில வேளை பார்க்கப் பார்க்கக் கூடுதலாகப் பிடிக்கின்றன. கல்யாண மண்டபத்தில் ஒரு மாதம் ஒலித்து ஓய்ந்த பாட்டையும், இருபது வருடமாகக் கேட்டும் தீராத பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது புரியும்.

ஏறிய வேகத்துக்கும் இறங்கும் வேகத்துக்கும் தொடர்பு உண்டு. ஜோனா பெர்கரும் கேல் லெ மென்ஸும் பிரான்சிலும் அமெரிக்காவிலும் நூறாண்டுக் காலம் குழந்தைகளுக்கு வைத்த பெயர்களை ஆராய்ந்து 2009-ல் எழுதினார்கள். சட்டென்று பரவிய பெயர்கள் சட்டென்று கைவிடப்பட்டன. திடீரென்று ஊரெல்லாம் ஒட்டிக்கொண்டது திடீரென்று போய்விடும் என்று பெற்றோர்களே உணர்ந்து விலகியிருந்தார்கள். நம் காலத்தில் எல்லாமே சட்டென்று பரவுகிறது. ட்விட்டரில் முதல் ஐம்பதுக்குள் வந்த ஒரு ஹேஷ்டேக் 2013-ல் சராசரியாக 17.5 மணி நேரம் அங்கே தங்கியது, 2016-ல் 11.9 மணி நேரம். 2019-ல் வெளியான ஓர் ஆய்வின் கணக்கு இது. சினிமாவின் டிக்கெட் விற்பனையிலும் அதே அவசரத்தை அந்த ஆய்வு கண்டது. 1975-ல் ‘ஷோலே’க்கு முதல் நாட்களில் வரவேற்பு மந்தம்தான்; அதற்குக் காத்திருக்க நேரம் கொடுத்தார்கள், பம்பாய் மினர்வா தியேட்டரில் ஐந்து வருடம் ஓடியது. இன்று வெள்ளிக்கிழமை ஆயிரம் திரையில் வந்து, திங்கட்கிழமை காட்சி குறைந்து, அடுத்த வெள்ளிக்குள் பெட்டி திரும்பும் படத்துக்கு, பிக்கப் ஆக எங்கே நேரம்?

நடிகர்களின் நிலை இன்னும் கடினம். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தினர் 2019-ல், ஐஎம்டிபி தளத்தில் பதிவான இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட நடிகர் நடிகையரின் வாழ்க்கையை ஆராய்ந்தார்கள். பத்தில் ஏழு பேருக்கு நடிப்பு வாழ்க்கை ஒரே ஓர் ஆண்டில் முடிந்துவிட்டிருந்தது. வேலை இருப்பவருக்கே மேலும் வேலை வந்தது. நல்ல ஆண்டுகள் கொத்தாக வந்தன, வெற்று ஆண்டுகளும் கொத்தாக வந்தன. ஒருவரின் உச்ச ஆண்டு கடந்துவிட்டதா இல்லையா என்பதை அவர்களால் 85 சதவீதம் வரை சரியாகக் கணிக்க முடிந்தது. பெண்களுக்கு அந்த உச்ச ஆண்டு பெரும்பாலும் தொடக்கத்திலேயே வந்து போய்விடுகிறது. இதை இயற்கை நியதி என்று விட்டுவிட எனக்குச் சம்மதமில்லை. நாற்பது வயதுக் கதாநாயகனுக்குக் கதை எழுதுகிற கை, நாற்பது வயதுக் கதாநாயகிக்கு எழுத மறுக்கிறது. மார்க்கெட் போய்விட்டது என்று பழியை அவர் மேலேயே போடுகிறது. தோற்றுப்போவது அவரல்ல, எழுதுகிறவரின் கற்பனைதான்.

ஓடி ஓய்ந்த படங்கள் எல்லாம் முடிந்துபோனவை அல்ல என்பதற்கு இன்னும் இரண்டு தகவல். சிங்கப்பூரில் ஒரு ஜப்பானிய விமர்சகரின் கண்ணில் தற்செயலாகப் பட்டது ‘முத்து’. 1998-ல் டோக்கியோவின் ஷிபுயாவில் அது 23 வாரம் ஓடி, தமிழே தெரியாத ரசிகர்களை ரஜினிக்குச் சேர்த்துத் தந்தது. 1964-ல் வந்த ‘கர்ணன்’, 2012-ல் டிஜிட்டலில் மெருகேறித் திரும்பி வந்து நூறு நாள் கண்டது. அதைப் பார்க்க வந்தவர்களில் பலர் படம் முதலில் வந்தபோது பிறந்தே இருக்கவில்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். காலியான அரங்கில் உட்கார்ந்து ஒரு நல்ல படம் பார்க்க நேர்ந்தால், டிவிக்கு வரட்டும் என்று விட்டுவிடாதீர்கள். அன்று இரவே நாலு பேருக்கு போன் போட்டுச் சொல்லுங்கள். திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள்.